படியில் பக்கத்தில் நின்றவர்

வெயில் குடித்த சிமெண்டின் மேல் முதல் தூறல் விழும்போது எழும்புகிற சூடான வாசமும், பீடிப் புகையும், மணலில் வறுபடும் கடலையின் லேசான கருகலும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறினால், சுற்றிலும் இடுப்புகளும் முழங்கைகளும் மட்டுமே தெரிகிற உயரத்துக்கு நான் திரும்பிப் போய்விடுகிறேன். நான் சிறுமி, அப்போது பத்து வயதிருக்கலாம். இடம், மதுரைக்குத் தெற்கே இன்று இல்லாமல் போய்விட்ட ஒரு பஞ்சாலையின் விளையாட்டு மைதானம். ஊர்க்காரர்களுக்கு அது 'மில்லு கிரவுண்டு'.

மைதானத்தின் மேற்கே அதிகாரிகளுக்காகத் துணிப் பந்தல் போட்டு நாற்காலி வரிசை வைத்திருப்பார்கள். கிழக்கே எங்களுக்குப் 'படி'. மண்மேட்டின் சரிவில் சிமெண்ட் பூசி, மேலிருந்து கீழே வரை கட்டியிருந்த குறுகலான படிகள். உட்கார்ந்தால் பின்னால் நிற்பவரின் முழங்கால் முதுகில் இடிக்கும் என்பதால் யாரும் உட்காருவதில்லை. ஆட்டம் தொடங்கி முடியும்வரை அத்தனை பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். கோல் விழுந்தால் மேல்படிக்காரர்கள் அப்படியே கீழே சரிந்து வருவார்கள், பிறகு சிரித்துக்கொண்டே பழைய இடத்துக்கு ஏறிப் போவார்கள். கடைசிப் படியின் முன்னால், மைதானத்தைப் பிரிக்கிற மாதிரி தடித்த இரும்புக் குழாய்களில் ஒரு தடுப்பு இருந்தது. அதற்குக் 'கம்பி' என்று பெயர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடப் பெரிய பாக்கியம் எனக்கு அந்த வயதில் தெரியாது.

என்னை அங்கே கூட்டிப் போனவள் அம்மா. வில்லாபுரத்தில் எங்கள் தெருவே அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆரம்பப் பள்ளி டீச்சர், கொண்டையில் பூ வைத்து, கையில் பையோடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்து பார்க்கப் போகிறாள் என்றால் சிரிக்க மாட்டார்களா? தன் தம்பி மில்லின் கால்பந்து அணியில் ஆடுகிறான் என்பதற்காக முதலில் போனவள், தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போன பிறகும் போய்க்கொண்டே இருந்தாள். ஆண்கள் மட்டுமே நின்ற அந்தப் படியில் இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கும் 'சீட்டி' எதிர்ப்பந்தல் வரை கேட்கும். அப்பாவுக்குப் பந்தில் துளியும் ஆர்வம் கிடையாது. எங்களைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "வீட்டுல போட முடியாத சத்தத்தையெல்லாம் போட்டுட்டு வாங்க, சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

படியில் இருந்தவர்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே இல்லை. அண்ணே, மாப்ள, பாய், தங்கச்சி. இதற்கு மேல் எதற்கு? எங்கள் பக்கத்தில் நிற்கிற முத்துராமு மாமாவின் பெயர் எங்களுக்குத் தெரிந்ததுகூட, மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்த அவரும் எங்கள் பேட்டைக்காரர் என்பதால்தான். அவருக்குக் கீழே, கம்பியோரத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நின்றவர் 'கார்னர்' அண்ணன். ஒல்லியான ஆள், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, காதோரம் நரை. பந்து எந்தப் பக்கம் கோட்டைத் தாண்டினாலும், யார் காலில் பட்டுத் தாண்டினாலும், தொண்டை கிழிய "கார்னரு!" என்று கத்துவார். கோல் கிக்குக்கும் கத்துவார். சில சமயம் ரெப்ரியே திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். வேறு எதுவும் அவர் பேசிக் கேட்டதில்லை. எங்களைக் கண்டால் மட்டும் அரை அடி நகர்ந்துகொண்டு, "தங்கச்சி, பிள்ளைய இங்கிட்டு நிறுத்துங்க, நல்லாத் தெரியும்" என்பார். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று ஒருமுறை அம்மா கேட்டபோது, "தூரத்துல இருந்து வாரேன்" என்றதோடு சரி.

அந்த வருடம் எங்கள் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரணி வெளியூர்க்காரர்கள். அவர்கள் ஆட்களும் லாரி லாரியாக வந்து இறங்கிவிட்டதால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே படியில் கையைத் தூக்கினால் திரும்ப இறக்க இடமில்லை. வெளியே சுவரோரமாக இன்னும் ஒரு கூட்டம் நின்றது. நான் கம்பியோரம் கார்னர் அண்ணனுக்குப் பக்கத்தில், அம்மாவும் முத்துராமு மாமாவும் எனக்குப் பின்னால் இரண்டாம் படியில்.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டார்கள். வழக்கம்போல மேல்படி சரிந்தது. நானும் வழக்கம்போலச் சிரித்தேன். ஆனால் சரிந்தவர்கள் இந்த முறை திரும்பி ஏறவில்லை. கோல் சத்தம் கேட்ட வெளிக்கூட்டம் படிக்குப் பின்னாலிருந்த கதவு வழியாக உள்ளே பாய்ந்திருந்தது. அந்தக் கதவைத் திறந்துவிட்டது யார் என்று பிற்பாடு ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள், கடைசிவரை தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் நெஞ்சு கம்பியில் அழுந்தியதும், முதுகில் ஒரு வீட்டைச் சாய்த்து வைத்தது போல் பாரம் ஏறியதும்தான். அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றே இல்லை.

அப்போது என் இரண்டு அக்குளுக்கும் கீழே இரண்டு கைகள் நுழைந்தன. "பிள்ள! பிள்ளையப் பிடிங்க!" என்று கார்னர் அண்ணன் கத்தியது என் காதோரத்தில் கேட்டது. என்னைத் தூக்கிக் கம்பிக்கு மேலாக மைதானப் பக்கம் போட்டுவிட்டார். முழங்கால் சிராய்த்துக்கொண்டு புல்லில் விழுந்து, எழுந்து, திரும்பிப் பார்த்தேன்.

நான் இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடியாதது அந்தக் காட்சியைத்தான். ஊரிலேயே சத்தமான இடம் அது. அங்கே கம்பிக்குப் பின்னால் வரிசையாக முகங்கள், எல்லா வாயும் திறந்திருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பந்தலில் கை தட்டினார்கள். கார்னர் அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. நான் கோட்டுக்குள் ஓடி, கொடி பிடித்து நின்ற லைன்ஸ்மேனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் திட்டுவதற்குத் திரும்பி, படியைப் பார்த்தார். கொடியைப் போட்டுவிட்டு ஓடினார். அதற்குப் பிறகுதான் ஆட்டம் நின்றது. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் சேர்ந்து கம்பியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள்.

அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. முத்துராமு மாமாவுக்கு விலாவில் அடி. இன்னும் பலருக்குக் கையும் காலும். இறந்தவர் ஒருவர்தான்.

பெரியாஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படிக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தோம். ஏட்டு ஒருவர் வந்து, "இறந்தவர் பேரென்ன?" என்று கேட்டார்.

"கார்னருங்க" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் ஒரு பேரா? சரியாச் சொல்லுங்கய்யா. எந்த ஊரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எம்புட்டு நாளா இவரைத் தெரியும்?"

"வருசக்கணக்கா" என்றார் முத்துராமு மாமா. சொன்ன பிறகு அவருக்கே அந்த வார்த்தை தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கட்டுப்போட்ட கையோடு நின்றபடி, "அண்ணேன்னு கூப்பிட்டோம், அது போதும்னு இருந்துட்டோமே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேரையூர் வண்டியிலிருந்து அவர் இறங்கி வருவதை ஒருமுறை பார்த்த ஞாபகம் மாமாவுக்கு இருந்தது. மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அம்மாவின் கையை நான் விடவே மாட்டேன் என்றதால் என்னையும் கூட்டிப் போனார்கள். அந்த வண்டியின் கண்டக்டரிடம் ஆளின் அடையாளம் சொன்னதும், "வெள்ளைச் சட்டைக்காரரா? ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரே. ஊருக்கு முன்னாடி ஒரு விலக்குல ஏறுவாரு" என்றார். செய்தியைக் கேட்டதும் எங்களிடம் டிக்கெட் போடாமல் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த விலக்கில் அவரே இறங்கி, கருவேலங்காட்டுக்கு நடுவே பிரிந்து போன மண்பாதையைக் காட்டினார்.

வழியில் அடையாளம் சொல்லி விசாரித்துப் போன வீட்டு வாசலில் ஓர் அம்மா விறகுக்காகப் பருத்தி மார் அடுக்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் தூங்காத கண்கள். "அவரு வரலையே, மூட்டை தூக்குற இடத்துல எதுவும் ஆயிருச்சா?" என்று எங்களை யாரென்று கேட்பதற்கு முன்பே கேட்டார். கார்னர் அண்ணனின் பெயர் சீனிச்சாமி என்பதை நாங்கள் அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டோம். முத்துராமு மாமா விஷயத்தைச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள், அழுகை எழுந்தது, ஆண்கள் உடலை வாங்கி வர மதுரைக்குக் கிளம்பினார்கள். அவர் மனைவியான அந்த அம்மா மட்டும் அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, புரியாத கணக்கைப் பார்ப்பது போல் எங்களையே பார்த்தார்.

"பந்து வெளையாட்டா? ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுல அரை நாள் மூட்டை தூக்குறேன்னுல்ல சொல்லுவாரு."

அம்மா "எல்லாரையும்விட அவர்தான் சத்தம் போடுவாரு" என்றாள், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

அந்த அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. "சத்தமா? அவரா? வேற யாரையாச்சும் வச்சுச் சொல்றீகளா தாயி? இந்த வீட்டுல அவரு ஒரு நாளும் குரலை ஒசத்துனதில்ல. கூப்பிட்டாக்கூடக் கிட்ட வந்துதான் பேசுவாரு."

மறுபடி ஆள் அடையாளம் எல்லாம் கேட்டு, அவர்தான் என்று ஆன பிறகு, கேட்டார்: "என்னன்னு கத்துவாரு?"

"'கார்னரு'ன்னு" என்றார் மாமா.

"எப்படி? ஒருக்கா கத்திக் காட்டுங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அந்த அம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத் தாங்க முடியாமல் நான் கத்தினேன். என்னால் முடிந்த மட்டும், தொண்டை கிழிய. அழுதுகொண்டிருந்த பெண்கள் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்தது.

"இம்புட்டு சத்தமாவா?" என்றார் அந்த அம்மா. அதற்குப் பிறகுதான் அழுதார்.

படிகளை அந்தக் கோடையிலேயே இடித்துவிட்டார்கள். சில வருடங்களில் மில்லும் மூடியது. மைதானத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன. அம்மா வெகுகாலம் எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை. அவள் சீட்டி அடித்து நான் பிறகு கேட்கவே இல்லை.

போன மாதம் என் மகன் வற்புறுத்திக் கூப்பிட்டதால், கே.கே. நகரிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் நடந்த ஓர் ஆட்டத்துக்குப் போனேன். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலிக்கு ஓர் எண், ஒரே நிறத்தில் விலைக்கு வாங்கிய சட்டைகள். எப்போது கத்த வேண்டும் என்று ஒலிபெருக்கியில் ஒருவர் சொன்னார். சொன்னதும் கத்தினார்கள், நிறுத்தியதும் போனை எடுத்தார்கள். கோல் விழுந்தபோது எழுந்த ஓர் ஆளை, பின்னால் மறைக்கிறது என்று உட்கார வைத்தார்கள். யாரும் யார்மீதும் சரியவில்லை. அந்தச் சரிவு வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கம்பியைப் பார்த்தவள் நான். ஆனாலும் இத்தனை ஆயிரம் பேருக்கு நடுவே இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பது எனக்குப் பகீரென்றது.

அம்மா உள்ளே நுழைந்ததும் வாசல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்து நாற்காலிப் பையனின் கையைத் தொட்டாள். அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான்.

"தம்பி, உங்க பேரென்ன? எந்த ஊரு?"

அவன் பெயரைச் சொன்னான், திருமங்கலம் என்றான். "வீட்டுல யாரு யாரு இருக்காக? இங்க வந்திருக்கிறது அவுகளுக்குத் தெரியுமா?" என்று அம்மா விடாமல் கேட்டாள்.

"தெரியும். எதுக்கும்மா கேக்குறீங்க?"

"சும்மாதான். பக்கத்துல நிக்கிறோம்ல."

அம்மா உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னாள்.