ஆளைக் காணோம்

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுப் பின்வேலியோரம் செப்டம்பரில் ஒரு வெள்ளைப் பூ பூக்கும். மணி மணியாய்த் தலை கவிழ்ந்த பூ. பார்த்தால் ஒன்றும் அறியாததுபோல இருக்கும். மிதித்தால் வெங்காயம். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பச்சை வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று சத்தியம் செய்யலாம், அப்படி ஒரு வீச்சம். இந்த ஊரில் அதைக் களை என்பார்கள். இன்று காலை குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது மிதித்துவிட்டேன். மூக்குக்கு எட்டும் முன்பே முதுகு சிலிர்த்தது. என் விஷயத்தில் அந்த மணத்தை ஞாபகம் வைத்திருப்பது முதுகுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்த மாதம் முழுக்க நான் வெறும் முதுகாக இருந்திருக்கிறேன்.

அப்போது இதே ஆக்லாந்தின் தென்கோடியில், மனுரேவாவில் ஒரு மர வீட்டில் இரண்டு பேர் ரென்ட் பகிர்ந்துகொண்டிருந்தோம். நான் மதுரைப் பக்கம். மற்றவர் மலேசியா, தைப்பிங்காரர். என்னைவிட இளையவர், அண்ணே என்பார். ஊரில் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டதால் ஒரு குளிர்க்கிடங்கில் இரவு ஷிஃப்டில் உறைந்த இறைச்சிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தைப்பிங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான் அவரை டீச்சர் என்றே குறிப்பிடுவேன். டீச்சர் இங்கே வந்துவிடுவதா, வேண்டாமா என்பது அந்த ஆண்டு முடிவதற்குள் தெரிந்தாக வேண்டும். விட்ட வேலை திரும்பக் கிடைக்காது. வராவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காத கேள்வி குழாய்த் தண்ணீர்போல இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்.

அவர்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்ததாம். மூடியில் இங்கிலாந்துக் கிராமம்: புல்மேடு, செடிவேலி, ஆடுகள், ஓடை. கல்யாணமான புதிதில் அதில் ஊசிநூல் போட்டு வைத்திருந்த டீச்சர், இந்த மாதிரி இடத்தில் ஒரு நாளாவது இருக்கணும் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். நண்பர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டியவர். இப்போது அந்த டின் மூடியை ஆக்லாந்துக்குத் தெற்கே தேட ஆரம்பித்தார், கேமராவோடு. தேடினால் கிடைக்கத்தான் செய்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரை மறக்க முடியாமல் நட்டு வைத்த ஓக் மரங்கள், டாஃபடில் பூக்கள், ஈரப்புல், மூடுபனி. ஊரில் அது புரட்டாசி, முன்னோர்கள் இறங்கி வந்து வாசலில் காத்திருக்கிற மாதம். இங்கே அதே மாதத்தில் மரமெல்லாம் பூத்தது. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

ஷிஃப்ட் முடிந்து விடியலில் வருவார், படுக்கமாட்டார். என் பழைய காரில் கிளம்பிவிடுவோம். முதல் கட்டுப் படங்கள் தைப்பிங்குக்குப் போயின. அடுத்த வாரம் டெய்ரி என்கிற மூலைக்கடையில் போன் கார்டு வாங்கி அவர் பேசினார். வைத்துவிட்டு வந்தவர் முகம் சரியில்லை.

"படம் நல்லாருக்காம். ஆனா ஆளையே காணோமேங்கிறா."

யோசித்துப் பார்த்தோம். உண்மைதான். எல்லாம் புல், மரம், வானம். ஆளில்லாத படம் நம்மவர்களுக்குக் காலி செய்த வீடு மாதிரி. யார் போனார்கள், ஏன் போனார்கள் என்றுதான் மனசு முதலில் கேட்கும். நண்பர் அதைத் தொழில்காரராக எடுத்துக்கொண்டார். நிலம் அளக்கும்போது தூரத்தில் அளவுகோல் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பானாம், அந்த ஆள் இருந்தால்தான் நிலம் எவ்வளவு பெரிசு என்று கண்ணுக்குத் தெரியுமாம். அந்த ஆளாக என்னை நிறுத்தினார். பழைய துணிக் கடையில் சிவப்பு மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொடுத்தார். முகத்தைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை.

"மூஞ்சி தெரிஞ்சா அவ உங்களைத்தான்ணே பாப்பா, புல்லைப் பாக்கமாட்டா."

அப்படித்தான் நான் மேட்டில் ஏறி நின்றேன். கீழே சாலையோரத்தில், வரிசையாக வளர்ந்த இருண்ட மரங்களின் நிழலில், கேமரா முக்காலியோடு அவர். வலது கையை நீட்டினால் வலப்பக்கம் நகர வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் சரி, அங்கேயே. அப்புறம் திரும்பி முதுகைக் கொடுத்துவிட வேண்டும். மேகம் விலகி வெயில் புல்லில் விழும்வரை அவர் காத்திருப்பார். எப்போது எடுத்தார், எடுத்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. அந்தத் தூரத்துக்குச் சத்தம் வராது.

காலடியில் வெங்காயம் மணக்கும். வீடே இல்லாத இடத்தில் யாருடைய அடுப்படி இது? பனிக்குள் எங்கோ ஓர் ஆட்டுக்குட்டி கைக்குழந்தைக் குரலில் அழும். மின்வேலியில் மின்சாரம் கசிகிற இடத்தில் டிக், டிக் என்று சொடுக்கும், யாரோ என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவதுபோல. மேக்பைப் பறவை ஒன்று தண்ணீருக்குள் குழல் ஊதுவதுபோலக் கூவி நிறுத்தும். என் பிடரியில் ஒரு பார்வை ஊன்றியிருக்கும். நண்பருடையது என்று புத்திக்குத் தெரியும், பிடரிக்குத் தெரியாது. கடலுக்கு அப்பால் ஒரு பெண் என்றோ ஒரு நாள் இந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கப்போகிறாரே, அந்தப் பார்வை முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டதோ? திரும்பிவிடலாம் என்று இருக்கும். திரும்பினால் படம் கெட்டுவிடும். நிற்பேன்.

மாதம் முழுக்க நின்றேன். கிளீவ்டன் மேடு, தகனினியைச் சுற்றி அப்போதிருந்த மேய்ச்சல் நிலங்கள், கடல் பின்வாங்கிய சேற்றுக் கரை. ப்ரிண்ட் போட்டு வரும் படங்களில் நான் நினைத்ததைவிடச் சிறியவனாக இருப்பேன். நகக்கண் அளவு சிவப்பு. சில படங்களில் என்னை நானே தேடினேன்.

அடுத்த போனில் டீச்சரின் குரலே மாறியிருந்ததாம். யார் அந்தச் சிவப்புக் கோட்டு ஆள் என்று கேட்டிருக்கிறார். எல்லாப் படத்திலும் நிற்கிறாரே. ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வருகிறாரே. அது லென்ஸ் மாற்றியதால் என்று நண்பர் விளக்கியிருக்கிறார். டீச்சருக்கு லென்ஸ் புரியவில்லை. படங்களை டின்னுக்குள் கவிழ்த்து வைத்திருப்பதாகச் சொன்னாராம். சந்தேகம் தீரட்டும் என்று நண்பர் ரிசீவரை என்னிடம் நீட்டினார். வேண்டாம், அவரிடம் கொடுக்காதீர்கள் என்று மறுமுனையில் அவசரமாகச் சொன்னது எனக்கே கேட்டது.

"நல்லா இருந்த மனுஷனைப் பேயாக்கிட்டியேப்பா" என்றேன்.

"உங்க முதுகு அப்படிண்ணே" என்றார்.

சிரித்தோம். ஆனால் டீச்சர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஓடைப் படத்தில் அந்த ஆள் வேலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாராம். ஓடைப் படம் எடுத்த அன்று எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். எங்களிடம் இருந்த பிரதியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். வேலிக்கம்பம் ஒன்று சாய்ந்து நின்றது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டோம்.

நவம்பரில் பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறைக்கு டீச்சர் விசிட்டர் விசாவில் வந்தார். விமான நிலையத்தில் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், அதற்கு மேல் கண்ணைத் தூக்கவில்லை. நண்பரைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்க நின்றார் நண்பர். தினமும் பார்த்த எனக்கு அது உறைத்ததே இல்லை. இரண்டு நாள் கழித்து டீச்சராகவே கேட்டார், அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அதேமாதிரி அண்ணன் அங்கே நிற்க வேண்டும் என்று.

கிளீவ்டன் மேட்டில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டிருந்தது. வெள்ளைப் பூக்கள் வாடியிருந்தன. மிதித்த இடத்தில் மட்டும் பழைய மணம். வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். கீழே மர நிழலில் நண்பர், கேமராவோடு. டீச்சர் தனியாக ஏறி வந்தார். புல் சரசரக்கும், நிற்கும், மறுபடி சரசரக்கும். எத்தனையோ நாள் என் பிடரியில் இருந்த பார்வைக்குக் கால் முளைத்து வருவதுபோல இருந்தது. மூச்சு கேட்கிற தூரத்தில் நின்றது.

"திரும்புங்கண்ணே."

திரும்பினேன். டீச்சர் என் முகத்தை, பாடம் சரிபார்க்கிற மாதிரி, நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தார். "மூஞ்சி இருக்கு" என்றார், பாதிச் சிரிப்போடு. பிறகு அவரும் சாலைப் பக்கம் திரும்பினார். அங்கே மரங்கள்தான் இருந்தன. நிழல் அவ்வளவு கறுப்பு. அதற்குள் ஆள் நிற்பதே தெரியவில்லை. கையாட்டினார். பதில் இல்லை. கூப்பிட்டார். காற்று எங்கள் பக்கம் வீசியது.

"அவரு எங்கண்ணே?"

அங்கேதான் நிற்கிறார், எப்போதும் அங்கேதான் நிற்பார் என்றேன்.

"ஆளைக் காணோம்னு நான் சொன்னது அவரைத்தான். இவ்வளவு படம் அனுப்புறாரே, அவரு எங்கன்னு கேட்டேன். நீங்க வந்து நின்னீங்க. எடுக்கிறது யாருன்னே எனக்குத் தெரியல. போன்ல குரல் மட்டும்தான் வருது. அவருக்கு என்னமோ ஆயிடுச்சு, மறைக்கிறாங்கன்னே நெனச்சேன்."

ஊரில் கொஞ்ச நாள் தெருப்பக்கம் போகாவிட்டால், என்னப்பா ஆளையே காணோம் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! அந்தப் பேச்சை நாங்கள் இரண்டு பேரும் புல்லில் தொலைத்திருந்தோம்.

கீழே போய் கேமராவை நான் வாங்கிக்கொண்டேன். நண்பர் மாட்டேன் என்றார். இந்த உடம்பைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் எந்தப் படத்திலும் நிற்கவில்லை என்பதை அப்போதுதான் சொன்னார், அதையும் தரையைப் பார்த்துக்கொண்டு. டீச்சர் அவர் கையைப் பிடித்து நிழலை விட்டு வெளியே இழுத்து வந்தார். இரண்டு பேரையும் வெயிலில் நிறுத்தி, முகம் தெரிகிற தூரத்தில் எடுத்தேன். படம் கொஞ்சம் கலங்கலாகத்தான் வந்தது. ஆனாலும் அதில் இருந்தார், ஆள்.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் தன் முடிவைச் சொன்னார். வேலையை விடத் தயார். ஆனால் இனித் தனியாக விமானம் ஏறமாட்டார், நண்பரே வந்து கூட்டிப்போக வேண்டும். நண்பர் லீவு கிடைக்காது, ஷிஃப்ட் போய்விடும் என்று எதையெதையோ சொல்லி, பதிலை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார். விமான நிலையத்திலும் அப்படித்தான். உள்ளே போகிற வாசல்வரை வந்துவிட்டோம். நான் நாலடி தள்ளி, முகம் தெரியும்படி நின்றேன். நண்பர் வேறு ஏதும் தோன்றாமல், போஹுட்டுகாவா மரங்கள் சிவப்பாய்ப் பூத்ததும் எடுத்து அனுப்புகிறேன் என்றார். டீச்சர் அவர் தொளதொளத்த காலரை நேராக்கிவிட்டார்.

"இனிமே படம் வேணாம். ஆளு வந்தா போதும்."