அடங்காத சுரப்பிச் செல்

மின்சாரம் என்றால் நரம்புக்குத்தான் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். சுரப்பிச் செல்லுக்கும் அது உண்டு. வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே நுழைந்தால் செல்லில் மின்துடிப்பு எழும். ஹார்மோன் வெளிவருவதும் அதனால்தான். கால்சியம் இல்லாத கரைசலை ஊற்றினால் துடிப்பு அடங்கிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் செல்லில் நுண்ணிய ஊசி குத்தி இதைத்தான் நான் தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தேன். கூட இருந்தவர்கள் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள்.

அந்த வாரம் என் செல்கள் அடங்கவில்லை. கால்சியம் இல்லாத கரைசலிலும் திரையில் துடிப்பு வந்துகொண்டே இருந்தது. யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடம் சொல்ல? தச்சநல்லூர் வீட்டில் நான் மட்டும்தான். துபாயில் இருக்கும் கணவருக்குப் போன் போட்டேன்.

எங்கள் பேச்சு தேய்ந்துபோய் வருடங்கள் ஆகியிருந்தன. கடமைக்கு விசாரித்துக்கொண்டு வைத்துவிடுவோம். அன்றைக்கு மனிதர் விடவே இல்லை. செல் எவ்வளவு பெரிது, ஊசி குத்தினால் அதற்கு வலிக்குமா என்றெல்லாம் கேட்டார்.

"ஒலகத்துல இது ஒனக்கு மட்டுந்தான் தெரியுமா?"

"இப்பத்திக்கு எனக்கும் ஒங்களுக்கும்."

மறுநாள் அவரே கூப்பிட்டார். ரூமில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் டீ போட ஆய்வகத்துக் கெட்டிலைத் திறந்தேன். அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ராதாபுரத்தில் மாமியார் வீட்டுப் பாத்திரங்கள் அப்படித்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் கண்டதில்லை. விசாரித்தால், ஆற்றுத் தண்ணீர்க் குழாய் உடைந்து, கொஞ்ச நாளாகத் தொட்டிக்கு லாரியில் போர் தண்ணீர் வருகிறதாம். ஆய்வகத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி அந்த உப்பைத் தாங்காமல் அதிலிருக்கும் கால்சியத்தையும் சேர்த்தே என் கரைசலுக்குள் விட்டிருக்கிறது. அதில் உப்பை அளந்து காட்டும் மீட்டர் உண்டு. ஒருவரும் பார்ப்பதில்லை. தாமிரபரணித் தண்ணீரைச் சந்தேகப்படும் வழக்கம் திருநெல்வேலிக்காரர்களுக்குக் கிடையாது.

வேறு இடத்தில் நல்ல தண்ணீர் வாங்கிக் கரைசல் செய்து ஊற்றினேன். செல் ஒழுங்காக அடங்கியது. கண்டுபிடிப்பு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இனி அவரோடு எதைப் பேசுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி அவர் கூப்பிட்டு, செல் இன்று என்ன செய்தது என்று ஆசையாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, விடு," என்றார். பிறகு பழையபடி, "அங்கன மழ உண்டா?"

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.