மாஸ்டர் எடுத்துவைத்த புத்தகம்

பாரிஸில், லா சப்பலில் எனக்குப் பிளவுஸ் தைக்கும் கடை. அளவு கொடுக்க வந்தவளைச் சுற்றி நாடாவைப் போட்டுவிட்டால் அவளால் ஓட முடியாது. அரசியல் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. போன இலையுதிர் காலம் முழுக்க நான் அப்படித்தான் வாக்குக் கேட்டேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் பிரதிநிதித் தெரிவுக்குத்தான் அந்த வாக்கு. என் சிநேகிதி நின்றாள். புறநகர் திரான்சியில் இருக்கிறாள், பஸ் ஓட்டுகிறாள். அவளுடைய மகள், தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் ரகம். அந்தப் பிள்ளை முதல் தடவையாகத் தானாகவே ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பாதிவரை வந்திருந்தாள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாமல் சிலரைத் தள்ளி நிறுத்திய கதை அது. அடுத்த சனிக்கிழமை போனால் அலுமாரியில் புத்தகம் இல்லை. பள்ளிக்கூடத்தை நடத்தும் மாஸ்டர் எடுத்துவிட்டார்.

“இஞ்சை சாதி இல்லை. பிறகேன் பிள்ளையளுக்கு உதைக் கிளறுவான்?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லையாம்! கலியாணப் பேச்சு என்றால் மட்டும் எங்கிருந்தோ வந்து என் கடைக் கதிரையிலேயே குந்திக்கொள்ளும். பிள்ளையோ இனித் தமிழ்ப் பள்ளிக்கே வரமாட்டேன் என்று பிரெஞ்சில் அறிவித்துவிட்டாள். இவளுடைய தமிழ் இத்தோடு முடிந்தது என்று தாய் என் கடையில் இருந்து அழுதாள். அலுமாரியில் என்ன புத்தகம் இருக்கலாம் என்பது பெற்றோர் பிரதிநிதியின் பொறுப்பு. “அப்ப நீயே நில்லன்” என்றேன்.

நிற்பது லேசு, வெல்வதுதான் பாடு. எங்கள் ஆட்களுக்குப் போட்டி என்றால் சண்டை. மாஸ்டர் கைகாட்டுகிறவர் ஏகமனதாகத் தெரிவாவார், எல்லோரும் கைதட்டுவார்கள், பிறகு தின்ன மீன் ரோல்ஸ் வரும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் வாக்குப் போடுகிற அதே பெண்கள் என்னிடம், “மாஸ்டரோடை என்ன கோவம்?” என்று குசுகுசுத்தார்கள். வந்த புதிதில் பாதிப்பேரை விசாக் கந்தோருக்குக் கூட்டிப்போய் மொழிபெயர்த்தவர் அவர். எனக்கும்தான். அதற்காக?

நாடாவுக்குள் நின்ற எல்லோரும் “ஓமக்கா” என்றார்கள். நானும் நம்பினேன், மடைச்சி.

கூட்டத்தில் எழும்பிச் சிநேகிதியை முன்மொழிந்தேன். “ஆர் வழிமொழியிறியள்?” என்று மாஸ்டர் கேட்டார். ஓமக்காக்கள் எல்லாம் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் கை ஏறாத பிளவுஸாகத் தைத்துக் கொடுக்கிறேன் பார் என்று மனதுக்குள் கறுவினேன். சிநேகிதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் வழிமொழியிறன்.”

திரும்பிப் பார்த்தால், ரோல்ஸ் தட்டோடு மாஸ்டரின் மனைவி.

“நீரோ?” என்றார் மாஸ்டர்.

“ஓம், நான்தான். வீட்டிலை உங்களோடை கதைச்சுக் களைச்சுப்போனன். இஞ்சை சொல்லுறன், எழுதுங்கோ.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரியே எதிர்த்த பிறகு மற்றவர்கள் கை தூக்கினால் அது மரியாதைக்குறைவு ஆகாதே! தூக்கினார்கள். நாடாவுக்குள் ஒருநாளும் அகப்படாத ஆம்பிளைகள்கூடத் தூக்கினார்கள். சிநேகிதி வென்றாள். எனக்கு வந்த சந்தோசத்தில் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை புத்தகம் அலுமாரிக்குத் திரும்பியது. பிள்ளை மூலையில் இருந்து படித்தாள். வகுப்பு முடிந்தும் எழும்பவில்லை. கார் து நோர் ஸ்டேசனில் ரயில் போய்விடும் என்று தாய் கத்தக் கத்தக் கடைசிப் பக்கம்வரை முடித்தாள். பிறகு நேரே மாஸ்டரிடம் போய்த் தமிழிலேயே கேட்டாள்.

“நீங்கள் சின்னனா இருக்கேக்கை, கிணத்தடியிலை எந்தப் பக்கம் நிண்டனீங்கள்?”

தாய் ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தார்.

“அள்ள விடாத பக்கம், பிள்ளை” என்றார். “அதாலைதான் புத்தகத்தை எடுத்து வைச்சனான்.”