அப்பா கருத்து எழுதாத நாள்

போடி கடைத்தெருவில் அப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. குடை, மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் படுதா என்று மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் ஊரில் யாரும் அதைக் குடைக்கடை என்று சொல்லிக் கேட்டதில்லை. 'போர்டுக் கடை' என்றுதான் சொல்வார்கள். வாசலில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த கரும்பலகையால் வந்த பெயர் அது.

தினமும் காலை ஆறு மணிக்குள் அப்பா அதில் எழுதிவிடுவார். மேலே 'இந்த நாளில்' என்று போட்டு, அதே தேதியில் உலகத்தில் எங்கேயோ எப்போதோ நடந்த ஒரு சம்பவம். அதற்குக் கீழே 'கருத்து'. சம்பவங்களைப் பேப்பரிலிருந்தும் கிழித்த காலண்டர் தாள்களிலிருந்தும் பொறுக்கி, ஒரு நீள நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். கருத்துகள் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

உலகத்தின் முதல் ரயில் ஓடிய நாளன்று, 'ஓடட்டும். நம்மூருக்குத் திரும்ப வரும்போது பார்ப்போம்' என்று எழுதினார். போடிக்கு வந்துகொண்டிருந்த ரயிலை, தண்டவாளத்தை அகலமாக்கப் போகிறோம் என்று நிறுத்தி வைத்திருந்த சமயம் அது. மனிதன் நிலவில் இறங்கிய நாளன்று, 'போனவர்கள் பத்திரமாகத் திரும்பினார்கள். மலைமேல் மெட்டுக்குப் போகும் ஜீப்காரர்கள் கவனிக்க' என்று எழுதினார். ஏதோ ஒரு நாட்டில் ராஜாவின் தலையை வெட்டிய நாளுக்கு, 'கொஞ்சம் பொறுத்திருக்கலாம்' என்பதோடு முடித்துக்கொண்டார். யார் பொறுத்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

போர்டை அக்கறையாகப் படித்தவர்கள், எதிரே ஜீப்புக்காகக் காத்திருக்கும் தோட்ட வேலைக்காரப் பெண்கள். படிக்கத் தெரிந்தவள் சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அதன்பிறகே ஜீப்பில் ஏறுவார்கள். எனக்கோ அந்தப் போர்டு பெரிய வெட்கம். பள்ளிக்கூடத்தில் யாராவது விழுந்தால், பேனா உடைந்தால், உடனே ஒருத்தி திரும்பி, "உங்கப்பா கருத்து என்னடி?" என்பாள்.

அம்மா வடுகபட்டிக்காரி, பூண்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். போர்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மத்தியானம் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோகும்போது, போர்டு இருக்கும் இடத்தில் அவள் நடை கொஞ்சம் தளரும். நிற்க மாட்டாள். வெயில் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் ஐந்தாவது படித்த வருடம், ஆவணி மாதத்தில் ஒரு நாள், ஜீப்புக்கு நின்ற பெண்களில் ஒருத்தி அப்பாவை வம்புக்கு இழுத்தாள். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் நாள் குறிக்கிறீகளே மொதலாளி, உங்களுக்குன்னு ஒரு நாளும் கெடையாதா?" என்று கேட்டாளாம். அப்பா யோசித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவருடைய கல்யாண நாள் வந்தது. அன்று போர்டில் எழுதியிருந்தது இதுதான்:

'இந்த நாளில்: பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எனக்குத் திருமணம் நடந்தது. கருத்து: இல்லை.'

கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. பழக்கடைக்காரர் வந்து அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். இத்தனை வருடங்களில் இதுபோல் ஒன்றை நீங்கள் எழுதியதில்லை என்று டீக்கடையில் பாராட்டினார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மத்தியானம் அம்மா வந்தாள். அன்றைக்கு அவள் நின்று படித்தாள். தூக்குச்சட்டியைக் கடைப்படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாவியையும் ஒரு தட்டில் இட்லியையும் கொடுத்தாள். அம்மா வடுகபட்டிக்குப் போயிருப்பதாகவும், எனக்குப் பரீட்சை இருப்பதால் விட்டுப் போனதாகவும் சொன்னாள். கடையிலிருந்து வந்த அப்பா, கதவருகே அம்மாவின் செருப்பு இருக்கும் இடத்தைப் பார்த்தார். ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று என்னிடம் சொன்னார்.

இரண்டு நாள் நான்காயிற்று, எட்டாயிற்று. அப்பா போன் செய்தால் மாமா எடுப்பார், அம்மா குளிக்கிறாள் என்பார். எந்நேரமும் ஒரு மனுஷி குளித்துக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது. காலையில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் அப்பா கடைக்குக் கூட்டிப்போவார். குளித்துச் சீருடை போட்டு, அங்கேயிருந்து நான் பள்ளிக்கூடம் போவேன். தலைதான் பெரும் பாடு. இரட்டைப் பின்னல் இல்லாமல் வந்தால் டீச்சர் வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிடுவார். அப்பா தன்னால் ஆனதைச் செய்தார். குடைகளை டஜனாகச் சேர்த்து இறுக்கிக் கட்டுவாரே, அப்படி என் முடியை இரண்டு கட்டாகக் கட்டினார். முதல் மணி அடிப்பதற்குள் ஒரு கட்டு அவிழ்ந்துவிடும்.

ஆனால் தலை பின்னுவது மட்டுமா அம்மா? சாயங்காலம் தெருமுனையில் திரும்பியதும் எங்கள் வீட்டிலிருந்து தாளிக்கிற வாசம் வருகிறதா என்று மூக்கை விரித்துக்கொண்டு நடப்பேன். பக்கத்து வீட்டில் தாளிப்பார்கள். ஒவ்வொரு நாளும் அது எங்கள் வீடுதான் என்று நம்பிக்கொண்டு ஓடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வடுகபட்டிக்குப் போனார். தேனியில் பஸ் மாறிப் போய் இறங்கினோம். அம்மா என்னை மடியில் இழுத்து உட்கார வைத்துத் தலையைப் பிரித்துச் சிக்கெடுத்தாள். அப்பா இருந்த திசைக்கு முகம் திருப்பவில்லை. கூடத்தில் மாமாவும் அப்பாவும் பேசுவது உள்ளே கேட்டது.

"பொய் ஒண்ணும் எழுதலயே மச்சான். மனசுல உள்ளதத் தெருவுல எழுத முடியுமா? அதான் எழுதல," என்றார் அப்பா.

அம்மா என் தலையை விட்டுக் கையை எடுத்தாள். "கல்யாணத்தத் தெருவுல எழுதலாமாக்கும்," என்றாள். கூடத்துக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னாள்.

கிளம்பும்போது அம்மா என்னிடம் குனிந்து, "இப்பல்லாம் என்ன எழுதுறாக?" என்று கேட்டாள். முந்தைய நாள் ஏதோ ஒரு கப்பல் மூழ்கியதாக எழுதியிருந்தார். அதைச் சொன்னேன். "கருத்து?" என்றாள். எனக்கு நினைவில்லை. அவள் ரிப்பனை இறுக்கி முடிந்தாள்.

மறுநாள் காலை, அம்மா பின்னிவிட்டது தூக்கத்தில் கலைந்துபோயிருக்க, நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அப்பா கடையைத் திறந்துவிட்டு டீ வாங்கப் போயிருந்தார். போர்டு துடைத்து ஈரமாக இருந்தது. சாக்பீஸை எடுத்து, எட்டிய உயரத்தில் எழுதினேன்:

'இந்த நாளில்: எங்கம்மா போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. கருத்து: எனக்குத் தலை பின்னத் தெரியாது.'

எழுதி முடித்ததும் பயம் வந்துவிட்டது. அழிக்கலாம் என்று துணியைத் தேடுவதற்குள் ஜீப்புக்குப் போகிற பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி வழக்கம்போல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் குரலை இறக்கிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு பெண், சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கடைப்படியில் உட்கார்ந்தாள். "இங்கன வா ஆத்தா," என்று என்னைப் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார வைத்தாள். அவளிடம் ஏலக்காய் வாசம் அடித்தது. தலையைக் குனிய வைத்து வகிடு எடுத்தாள்.

அப்போதுதான் அப்பா வந்தார். எனக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். போர்டுக்கு முன்னால் வந்து நின்றன. அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். டீ டம்ளரைக் கல்மேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சாக்பீஸ் போர்டில் உரசுகிற சத்தம். என் எழுத்துக்குக் கீழே அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பெண்கள் நெருங்கி நின்றார்கள். படிக்கிறவள் இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை, மற்றவர்கள் காதோடு சொன்னாள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ஒருத்தி, "இத அன்னைக்கே எழுதியிருக்கக்கூடாதா மொதலாளி?" என்றாள்.

நான் நிமிர முயன்றேன். "ஆடாத ஆத்தா, கோணிக்கிரும்," என்று அந்தப் பெண் என் தலையை அழுத்திப் பிடித்தாள். ஜீப் ஹாரன் அடித்தது. இரண்டாவது பின்னலை அவள் அவசரமாக முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் எழுந்து திரும்பியபோது அப்பா ஈரத்துணியால் போர்டைத் துடைத்து முடித்திருந்தார். என்னைத் திட்டவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்தார்.

அவர் என்ன எழுதினார் என்பது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே படவில்லை. பத்தொன்பது நாட்களுக்குப் பிறகு ஒழுங்கான பின்னலோடு பள்ளிக்கூடம் போகிற சந்தோஷத்தில் இருந்தேன். வழியில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்து, யார் பின்னிவிட்டது என்று கேட்டாள். மலைக்குப் போகிற அம்மா ஒருத்தர் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் தாளிக்கிற வாசம் எங்கள் வீட்டிலிருந்தே வந்தது.

அம்மா என்னைக் கண்டதும் பின்னல் இரண்டையும் பிரித்துப்போட்டு, புதிதாக எண்ணெய் வைத்துப் பின்னினாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அது நல்ல பின்னல். அப்பா வந்து கதவருகே செருப்பைப் பார்த்து நின்றார். "சாப்பிட வாங்க," என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு. அப்பா அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

போர்டு தொடர்ந்தது. வீட்டு விஷயம் எதுவும் அதில் பிறகு வரவில்லை. சில மாதங்கள் கழித்து, அன்றைக்கு என்ன எழுதினீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "அது உங்க அம்மாவுக்கு எழுதுனது. அவளுக்குப் போய்ச் சேந்துருச்சு, வந்துட்டா. உனக்கெதுக்கு?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஊரெல்லாம் படித்த கருத்துகளில் அவருக்குக் கிடைக்காத ஒன்று, இருபது பெண்கள் மட்டும் படித்த ஒன்றில் கிடைத்துவிட்டதுபோல் இருந்தார். அது அவர்கள் இருவருக்குள்ளும் உள்ள விஷயம் என்று எண்ணி, நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை.

அப்பா போய் நான்கு வருடங்கள் ஆகின்றன. அம்மா இப்போது தேனியில் என்னோடு இருக்கிறாள். போன ஆவணியில் அவர்களுடைய கல்யாண நாளன்று, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அப்பா என்னதான் எழுதியிருந்தார், அதைக் கேட்டு நீ உடனே கிளம்பி வரும்படிக்கு?

அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னைக்கு?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியதை, அப்பா எழுதியதை, பெண்கள் படித்து நின்றதை. அவள் மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் யாரும் சொல்லலயே," என்றாள். "பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணுனா. மலைக்குப் போற பொம்பள யாரோ தெருவுல வச்சு உனக்குத் தல பின்னிவிட்டான்னா. அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன். உனக்காகத்தான் வந்தேன்."

மடியிலிருந்த சேலையை இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு, "என்ன எழுதுனாக?" என்று கேட்டாள்.

நான் குனிந்திருந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் அதன்பிறகு ஒரே வீட்டில் எத்தனையோ வருடங்கள் வாழ்ந்தார்கள். இவள் படித்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். படிக்க ஒன்று இருந்ததே இவளுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பார், வீட்டுக்கு வேண்டியது அங்கே இருக்கிறது என்று பத்து வயதில் எனக்குச் சொல்ல யாருமில்லை. பின்னல் கோணாமல் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

அம்மா விடவில்லை. "சத்தம் கேட்டுச்சுன்னியே," என்றாள். "ரொம்ப நேரம் எழுதுனாகளா?"

முடியை இழுத்துப் பின்னும்போது எந்தக் குழந்தைக்கும் எல்லாமே ரொம்ப நேரம்தான். ஆனாலும், "ஆமாம்மா, ரொம்ப நேரம் எழுதுனாக," என்றேன்.