பாத்தர்ஸ்ட் வீதிக்கு ஐந்து பேர்

ரொறன்ரோவுக்கு வருகிற உறவினரெல்லாம் நயாகரா, சி.என். கோபுரம், பிறகு ஸ்காபரோவில் கொத்துரொட்டி என்று ஒரே வட்டம் சுற்றிவிட்டுப் போகிறார்கள். நகருக்குள்ளேயே வேறு ஏதாவது இருக்கிறதா, யூதர்களின் தொழுகைக் கூடத்துக்கு எங்களைப் போன்றவர்கள் போகலாமா என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். தாராளமாகப் போகலாம். நான் போயிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதப் பின்னேரம், அப்போது நான் குடியிருந்த மில்லிக்கனிலிருந்து பதினாறு கிலோமீற்றர் தூரம். நான் செய்த பயணங்களிலேயே மிகச் சிறியது அதுதான். இன்றைக்கும் நினைத்தால் மனம் சரியில்லாமல் போகிற பயணமும் அதுதான்.

அப்போது நான் ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு தளபாடக் கொம்பனியின் பண்டசாலையில் வேலை செய்தேன். லொறிகளுக்குச் சாமான் ஏற்றும் பகுதிக்கு மொறிஸ் பொறுப்பாக இருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மனைவி றோஸ் புற்றுநோயில் இறந்து இரண்டு வருடம். மதியச் சாப்பாட்டுக்கு நானும் அவரும் ஒரே மேசை. கன்ரீன் இறைச்சியை இரண்டு பேருமே தொடுவதில்லை என்பதுதான் காரணம். அவருக்கு அவருடைய மத விதி. எனக்குக் கந்தசட்டி விரதத்துக்கு விட்ட மச்ச மாமிசத்தைப் பிறகு தொட மனம் வரவில்லை.

அந்த மேசையில்தான் யூதர்களுடைய வருடத்தை நான் அறிந்துகொண்டேன். இலையுதிர் காலத்தில் புத்தாண்டு. அதிலிருந்து பத்தாம் நாள் முழுப் பட்டினி இருந்து, செய்த பிழைகளை நினைத்துப் பார்ப்பார்கள். வேதத்தைக் கிழமைக்கு ஒரு பகுதியாக வருடம் முழுக்க வாசித்து, முடிக்கிற அன்றைக்கே மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடத்தில் ஒன்றாக இருந்து படிப்பார்கள், வாதாடுவார்கள். "எத்தனை தலைமுறையா ஒரே புத்தகம்! இன்னும் ரெண்டு பேர் ஒத்துப்போனதில்லை" என்று மொறிஸ் சிரிப்பார். (அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். என் மனதில் பதிந்த தமிழில் எழுதுகிறேன்.)

அன்று மொறிஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. றோஸின் ஆண்டு நினைவு நாள். நம்முடைய திதியைப் போல அவர்களுக்கும் சந்திரக் கணக்கு. நாள் மாலையில் தொடங்கி, அடுத்த மாலை சூரியன் விழ முடிந்துவிடும். அதற்குள் கூடத்தில் எழுந்து நின்று 'கடிஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். அதைத் தனியே சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும்.

"நேற்று இரவு ஒன்பது பேர். இண்டைக்கு விடியவும் ஒன்பது பேர்" என்றார். "புத்தாண்டுக்கு இருக்கக் கதிரை கிடையாது. பனி கொட்டத் தொடங்கினால் பாதிச் சனம் புளோரிடாவிலை. இனிப் பின்னேரத் தொழுகை ஒண்டுதான் மிச்சம். அதையும் விட்டால் அடுத்த வருசம்தான்."

"வேறை பெரிய கூடத்துக்குப் போகலாமே?"

"போகலாம். ஆனா றோஸை அங்கை ஆருக்குத் தெரியும்?"

என் அப்பா யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் செத்தபோது கொள்ளி வைக்க நான் பக்கத்தில் இல்லை. ஆள் இல்லாமல் குறைபட்டுப்போன சடங்கு நெஞ்சை எப்படி அரிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். ஆள்தானே வேண்டும்? எங்களிடம் இல்லாததா? செத்த வீடோ கலியாண வீடோ, ஆள் காணாது என்று கேள்விப்பட்டால் வான் பிடித்துக் கொண்டுபோய் இறக்கிவிடுகிற சனம் நாங்கள். மொறிசிடம் மூச்சு விடவில்லை. திடீரென்று போய் நிற்கலாம் என்பது என் எண்ணம்.

வேலை முடிந்ததும் நேரே வீட்டுப் பக்கம் போனேன். இரவு வேலைக்குப் போவதற்காகப் படுத்திருந்த என் சிநேகிதன் சிவத்தையும் அவனோடு இருந்த இரண்டு பொடியன்களையும் தட்டி எழுப்பினேன். பக்கத்து வீட்டு அந்தோனி மன்னார்க் கத்தோலிக்கன். விசயத்தைச் சொன்னதும், "யேசுநாதரும் யூதர்தானே அண்ணை. உங்களை விட்டாலும் என்னை எடுப்பினம்" என்று முன் சீற்றில் ஏறிக்கொண்டான். ஐந்து பேரின் பாரத்தில் என் பழைய கொறோலா தாழ்ந்து போனது.

ஸ்டீல்ஸில் மேற்கே பிடித்தால் வோடன், டொன் மில்ஸ், யங் என்று சந்திகளைத் தாண்டிப் போகும் ஒரே நேர் வீதி. பாத்தர்ஸ்டில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நல்ல நாளில் அரை மணித்தியாலம் போதும். அன்று பனி கொட்டியது. 404 நெடுஞ்சாலைக்கு மேலான பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. பாத்தர்ஸ்டில் கடைப் பெயர்கள் ஹீப்ருவில் தெரியத் தொடங்கியபோது ஐந்து மணிக்குக் கிட்ட ஆகிவிட்டது. மொறிசின் கூடம் பாத்தர்ஸ்டில் என்று மட்டும் தெரியும். எந்தச் சந்தியில் என்று தெரியாமல் ஒரு பேக்கரி வாசலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

கறுப்புத் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு முதியவர் உள்ளேயிருந்து வந்தார். ஐந்தாவது சந்தி, வலது பக்கம், செங்கல் கட்டடம் என்று விபரமாகச் சொன்னார். பிறகு காருக்குள் குனிந்து பார்த்தார்.

"நானும் அங்கைதான் போறன். என்னையும் ஏத்துவீங்களோ? நிலம் வழுக்குது."

சிவம் பின்கதவைத் திறந்துவிட்டான். "நான் இறங்கி நடந்து வாறன் அண்ணை. அவர் ஏறட்டும்."

"பேசாமல் இரு. நேரம் போகுது. எங்களிலை ஒரு ஆளும் குறையக்கூடாது" என்றேன்.

முதியவரிடம் இடமில்லை என்று சொல்லிக் காரை எடுத்தேன். அவர் பரவாயில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். அவரும் ஓர் ஆள் என்பது என் மூளையில் ஏறவேயில்லை. என் கணக்கு முழுக்கக் காருக்குள்ளேயே இருந்தது.

கூடத்தில் எங்களைக் கண்டதும் மொறிஸ் எழுந்து நின்றுவிட்டார். வாசலில் இருந்தவர் எங்கள் தலைக்கு வட்டத் தொப்பிகள் தந்து, பின் வரிசையில் இருத்தினார். பிறகு விரலை நீட்டி ஆள் எண்ணத் தொடங்கினார். மனிதரை நேரே எண்ணுவது அவர்களிடம் வழக்கமில்லை. "ஒண்டில்லை, ரெண்டில்லை" என்றுதான் எண்ணினார். மொறிசோடு "ஒன்பதில்லை" வந்தது. எங்களுக்கு முன்னால் அவருடைய விரல் நின்று, மெல்ல மடங்கியது.

மொறிஸ் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். "யூதராய் இருக்க வேணும். அதை உனக்குச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை" என்றார், பிழை தன்னுடையது போல. அந்தோனி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் காத்திருந்தோம். யன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து இல்லாமல் போனது. எண்ணியவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மொறிசைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மொறிஸ் புத்தகத்தை மூடி அதை முத்தமிட்டார்.

சற்றுப் பிந்திக் கதவு திறந்தது. தொப்பி நிறையப் பனியோடு அதே முதியவர் நின்றார்.

"வந்திட்டன், வந்திட்டன். மொறிசுக்கு ஆள் வேணுமெண்டு பேக்கரியிலை இப்பதான் சொன்னவை. நடந்து வர நேரம் போயிட்டுது." எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "ஓ, இவையை வழியிலை கண்டனான். பாவம், காரிலை இடமில்லை."

மொறிஸ் எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது.

பத்துப் பேர் சேர்ந்துவிட்டதால் இரவுத் தொழுகை நடந்தது. ஆனால் அது அடுத்த நாளுக்குரியது. அதில் மொறிஸ் எழுந்து கடிஷ் சொன்னார். மற்றவர்கள் ஆமென் சொன்ன இடங்களில் நாங்களும் சொன்னோம்.

"பிந்தினாலும் சொல்லிப்போட்டீங்கள்தானே" என்றேன் வெளியே வந்து.

"ஓம், சொல்லிப்போட்டன். ஆனா அவளின்ரை நாள் போயிட்டுது" என்றார் மொறிஸ். குரலில் கோபமே இல்லை. ஐந்து பேருக்கும் தனித்தனியே கை தந்து, வந்ததற்கு நன்றி சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த இலையுதிர் காலத்தில், பட்டினி நாளுக்கு முன், மொறிஸ் சாப்பாட்டு மேசையில் ஒன்று சொன்னார். மனிதருக்குச் செய்த பிழைக்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுப் பயனில்லையாம். அந்த மனிதரிடமே நேரில் போய்க் கேட்க வேண்டுமாம். அந்த இடத்திலேயே அவரிடம் கேட்டேன்.

"எனக்கு நீ ஆள் கொண்டுவந்தனி. பனிக்குள்ளை நடந்தவரிட்டைப் போய்க் கேள்" என்றார்.

அந்த ஞாயிறு தனியே போனேன். வெயில் நாள், அரை மணித்தியாலத்திலேயே பேக்கரிக்குப் போய்விட்டேன். முதியவர் மகளோடு மொன்றியலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். விலாசம் ஒருவரிடமும் இல்லை. ஒரு பாண் வாங்கிக்கொண்டு வெறும் காரோடு திரும்பினேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விபரங்கள். கார் இல்லாவிட்டால் ஸ்டீல்ஸ் பஸ்ஸில் ஃபின்ச் நிலையத்துக்கு வந்து, மேற்கே போகும் பஸ்ஸுக்கு மாறி, பாத்தர்ஸ்டில் இறங்கலாம். அந்த நாளில் ஒரு பயணத்துக்கு இரண்டு டொலர், இப்போது கூடியிருக்கும். முதலில் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி வாசலிலேயே கிடைக்கும். சில கூடங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே இருப்பார்கள். சிலவற்றில் பெண்களையும் பத்தில் சேர்ப்பார்கள். சனிக்கிழமைகளில் கமராவையும் கைப்பேசியையும் வெளியே எடுக்க வேண்டாம்.

காரில் போகிறவர்களுக்கு இன்னொன்று. நாலு பேருக்கு மேல் ஏறாதீர்கள். பாத்தர்ஸ்டில் யாராவது கை காட்டினால், ஓர் இடம் வெறுமையாக இருக்கட்டும்.