செவ்வாய்க்கிழமை உடம்பு வலி

தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்து அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ். நான் போய்ச் சேர்வதற்குள் வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும்.

செவ்வாய்தோறும் அதில் ஓர் அக்கா நிற்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சீட்டில் எப்போதும் உடம்பு வலி என்றுதான் எழுதியிருக்கும். வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் காகிதத்தில் மடித்துத் தருவேன். இரண்டு வருடம் அப்படியே போனது. ஜன்னலுக்குள் நீளும் கையைத்தான் எனக்குத் தெரியும். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கியிருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை.

ஒரு மழைநாளில் கூட்டம் சீக்கிரமே கலைந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தால், அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் போகலையாக்கா? வலி குறையலையா?"

"மாத்திரைய முழுங்குனாத்தான கொறையும்?"

"பின்ன எதுக்கு வாங்குறீங்க?"

"சீட்டு வாங்குனா இங்க கொஞ்ச நேரம் குந்திகினு இருக்கலாம் மேடம். வூட்ல அவரு கை கால் வராம படுத்துகினு கீறாரு, நாலு வருசமா. புள்ளைங்க கல்யாணமாயி போயிடுச்சுங்க. காலைல கண்ணு முழிச்சா, ஏன் முழிச்சோம்னு கீது."

"அந்த மாத்திரைய எல்லாம் இன்னா பண்றீங்க?"

"டப்பால போட்டு வெச்சிகீறேன்."

எதற்கு என்று கேட்டேன். அவர் மழையைப் பார்த்தார். இரண்டு வருடத்து மாத்திரை, ஒரே டப்பாவில்.

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டாக்டரிடம் அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். டாக்டர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பையைக் கீழே வைத்தார். வலியைப் பற்றிக் கேட்கவில்லை. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டார்.

"தோணுது" என்றார் அக்கா, பஸ் நேரம் சொல்வதுபோல. பிறகுதான் அழுதார். "எனக்குப் பைத்தியமா டாக்டரு?"

"இல்லம்மா. சக்கர, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய். மனச்சோர்வுன்னு பேரு. குணமாக்கலாம்."

அன்று மாலையே நர்ஸும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். கேட்காமலே டப்பாவைக் கொடுத்தார். புதுப்பட்டினத்திலிருந்து அவருடைய நாத்தனாரை வரவழைத்து, படுத்திருக்கும் அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் அக்காவைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

அங்கே கொடுத்த மருந்தைச் சாப்பிட்ட முதல் மூன்று வாரம், "ஒண்ணும் தெரியல" என்றே சொன்னார். இரண்டாவது மாதம் ஜன்னலில் குனிந்து, "நேத்து கொழம்புல உப்பு ருசி தெரிஞ்சிச்சு மேடம்" என்றார். அப்போதுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கன்னத்தில் சின்ன மச்சம் இருந்தது. நாத்தனார் மாதத்தில் பத்து நாள் வந்து தங்கத் தொடங்கினார். கணவர் எழுந்து நடக்கவில்லை. ஆனால் அக்கா நடவுக்குப் போனார்.

அதன் பிறகு தலைவலி, நெஞ்செரிச்சல் என்று திரும்பத் திரும்ப வருபவர்களிடமெல்லாம், "தூக்கம் வருதா?" என்று டாக்டரும் நானும் கேட்க ஆரம்பித்தோம். வரிசை மெதுவானது, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் சிரித்துவிட்டு மருந்தை வாங்கிப் போனார்கள். சிலர் பதில் சொல்வதற்கு முன், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம்.