பழனிச்சாமியைத் திட்டப் போன குன்னத்தூர் பயணம்

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். நான் போனது பழனிச்சாமியைப் பார்க்க. இருபது வயதில் இருவரும் ஒரே தங்கச் சுரங்கத்தில் சேர்ந்தோம். பதினோரு வருடம் ஒரே ஷிப்ட். சுரங்கத்தை மூடியதும் அவன் சொந்த ஊரான குன்னத்தூருக்குப் போய், பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் ஆனான். நான் என் மனைவி தேவியோடு ஜோலார்பேட்டையில் கடை வைத்தேன். போன மாதம் அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். பீடியை விடுடா என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்! நேரில் போய் நன்றாகத் திட்டிவிட்டு, அழுதுவிட்டு வரலாம் என்றுதான் சனிக்கிழமை கிளம்பினேன்.

ஜோலார்பேட்டையில் காலை 6.10க்கு ரயில், திருப்பூரில் 10.05. ஏறக்குறைய 230 கிலோமீட்டர், முன்பதிவில்லாப் பெட்டியில் 95 ரூபாய். சேலம் வரை நின்றுகொண்டுதான் வந்தேன், கால் போச்சு. திருப்பூரிலிருந்து பஸ்ஸில் அவிநாசி, 14 கிலோமீட்டர். அங்கே வண்டி மாறி இன்னொரு 15 கிலோமீட்டர். குன்னத்தூரில் இறங்கும்போது பன்னிரண்டு மணி.

பழனிச்சாமி பாதியாக இளைத்திருந்தான்.

"வாங்கண்ணா. நீங்களாவது இவரை நல்லாக் கேளுங்க. பீடி பீடின்னு ஊட்டையே புகைய வெச்சுப்போட்டாருங்க" என்றார் அவன் மனைவி சரஸ்வதி.

திட்ட எனக்கு வாய் வரவில்லை. மூன்று மணிக்கு அவிநாசியில் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். போக வர வாடகைக் கார் 800 ரூபாய். நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார். "வேலைங்கற இடத்துல அயர்ன் மாஸ்டர்னு மட்டும் இருக்குதுங்க. அதுக்கு முன்னால என்ன பண்ணுனீங்க?"

"சுரங்கத்துல இருந்தனுங்க" என்றான் பழனிச்சாமி.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பாறையிலிருந்து ரேடான் என்றொரு வாயு கசியுமாம். நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் சேர்ந்துவிடுமாம். அதைச் சுவாசித்தாலே நுரையீரலில் புற்றுநோய் வரலாம், புகையும் பிடித்தால் ஆபத்து இன்னும் ஏறிவிடும் என்றார்.

"அப்ப பீடியால இல்லீங்களா?" என்று கேட்டார் சரஸ்வதி.

"பீடியும்தானுங்க. எதனால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க."

காற்றோட்டம் இல்லாத இடம் என்றதுமே நாங்கள் உட்காரும் இடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் விசிறிக் காற்று வரும் பக்கம் தீக்குச்சி எரியாது. அதனால் சாப்பாட்டு நேரத்தில், வேலை முடிந்து கைவிட்ட பழைய சந்து ஒன்றுக்குள் போய்த்தான் பீடி பற்றவைப்பார்கள். அங்கே காற்று அசையவே அசையாது. ரொம்ப நல்ல இடம் என்று நினைத்தோம், மடையர்கள். நான் பீடியைத் தொட்டதில்லை. ஆனால் பேச்சுத் துணைக்குத் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

"பீடி குடிக்காதவனுக்கு ஒண்ணும் ஆகாது இல்ல டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆபத்து கம்மிங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு இருமல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இரண்டு மாதமாக இருக்கிறது. சொன்னேன். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது காரில் பழனிச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்தச் சந்துக்கு வாடா வாடான்னு உன்னைக் கூப்புட்டது நாந்தானே?"

யாரை யார் திட்டுவது? பீடியையா, பாறையையா, எங்கள் சிநேகிதத்தையா? ஜோலார்பேட்டை வந்து சேர்ந்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியதை மட்டும் எழுதுகிறேன். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். இப்போதைய வேலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இன்னும் புகைக்கிறவர்கள் இன்றைக்கே விடுங்கள். மூச்சில் போன வாயுவை வெளியே எடுக்க முடியாது, பீடியைக் கீழே போட முடியும். நோயாளியைப் பார்க்கக் குன்னத்தூர் போகிறவர்கள் திரும்புவதற்கு அவிநாசி பஸ்ஸை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் ஐம்பது நிமிடம் நின்றேன்.

தேவி, நான் எழுதுவதை முதலில் படிப்பவள் நீதான். வெறும் சளி என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். சளிதானா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்கேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் இங்கே எழுதுகிறேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீயும் கூட வா.